சட்டம் வந்தது, ஐஸ் பெட்டி வரவில்லை

ஏட்டண்ணே,

இன்று காலை நீலப் பெயிண்ட் டப்பாவை உளியால் நெம்பித் திறந்தேன். வாடை குப்பென்று மூக்கில் ஏறியதும், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீங்கள் கொட்டகை வாசலில் வந்து நிற்பதுபோலவே இருந்தது. தடைக்காலம் நடக்கிறது. காசிமேட்டில் விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. எல்லாம் கட்டிக்கிடக்கின்றன. ஆட்கள் பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதுசு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ் வியாபாரம் படுத்துக்கிடக்கிற இந்த நாட்களில்தான் நானும் என் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுவேன். எழுதாவிட்டால் ஏலக் கூடத்தில் எவனாவது தன் பெட்டி என்று தூக்கிக்கொண்டு போய்விடுவான். நீங்களும் இந்த நாட்களில்தான் காலி இங்க் பாட்டிலோடு வருவீர்கள்.

"ஐஸம்மா, கொஞ்சூண்டு நீலம் குடேன்."

வருஷா வருஷம் இதே பேச்சு. நானும் விடமாட்டேன். "இன்னாத்துக்குண்ணே? அண்ணிக்கு நகப் பாலிசா?" என்று கேட்பேன். ஸ்டேஷனில் லத்திக்கு நீலம் அடிக்கச் சொல்லிவிட்டார்களா என்று கேட்பேன். ஒருதடவை, தொப்பை மேலே நம்பர் எழுதிக்கொள்ளப் போகிறீர்களா, கடலில் விழுந்தால் எந்தப் படகு என்று கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்றேன். சிரிப்பீர்கள். பாட்டிலை மூடிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறிவிடுவீர்கள். ஒருதடவைகூடப் பதில் சொன்னதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நான் அஞ்சாவதோடு நின்றவள். நான் எழுதியதை என் தம்பி மகள் தேவி உட்கார்ந்து திருத்தித் தருகிறாள். என் பேச்சையும் சேர்த்துத் திருத்தப் பார்க்கிறாள், நான் விடவில்லை.

நீங்கள் என்னிடம் முதலில் வந்ததே ஐஸுக்குத்தான். உங்கள் ஸ்டேஷனிலிருந்து லேபுக்கு ரத்த பாட்டில் கொண்டுபோகிற வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தது. போகிற வழியில் என் கொட்டகை. ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, இதில் கொஞ்சம் உடைத்த ஐஸ் போடு என்றீர்கள். எதற்கு என்று கேட்டேன். ரத்தம் கெட்டுப்போகாமல் குளிரிலேயே கொண்டுபோக வேண்டும், விதி என்றீர்கள். பெட்டி எங்கே என்று கேட்டேன். கேட்டு எழுதியிருக்கிறோம் என்றீர்கள். எப்போது எழுதினது என்று கேட்டேன். அதற்கு நீங்கள் கொட்டகைக் கூரையைப் பார்த்தீர்கள்.

எனக்கு அன்றைக்கே ஆச்சரியம். மீனுக்குப் பெட்டி இருக்கிறது. கூறு கட்டி விற்கிற காரப்பொடி மீனுக்குக்கூட மேலே ஒரு கை ஐஸ் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகிற ரத்தத்துக்கு பிளாஸ்டிக் பை. உடைந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொடுத்து, "இத்த வச்சிக்க. சர்க்கார் பொட்டி வந்தா ரிட்டன் குடு" என்றேன். அந்தப் பெட்டி இன்னும் ரிட்டன் வரவில்லை அண்ணே.

அதுவரை எல்லாம் கிண்டல்தான். அப்புறம் என் தம்பி சேகர் போனான்.

சுனாமிக்கு ரெண்டு வருஷம் முந்தி. நண்டு வலை எடுக்க ஃபைபர் போட்டில் தனியாகப் போனவன் திரும்பவில்லை. போட் மட்டும் காட்டுப்பள்ளிக்கு நேரே ஆளில்லாமல் மிதந்தது. பதினோரு நாள் கழித்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, உங்கள் ஸ்டேஷன் எல்லையில் ஒரு உடம்பு ஒதுங்கியது. துணியில்லை. முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. நான் பார்த்தேன், அவன் பொண்டாட்டி லோகா பார்த்தாள். உயரம் அவன் உயரம்தான். அதற்கு மேல் சத்தியம் பண்ண எங்களுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே மணலி புதுநகரிலிருந்து முனுசாமி என்று ஒரு பெரியவர் வந்தார். கம்பெனி வேலைக்குப் போன அவர் மகன் மூன்று வாரமாக வீடு திரும்பவில்லையாம். இது என் பிள்ளை, கால் விரலைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா என்று அழுதார். ஒரு உடம்புக்கு ரெண்டு குடும்பம். கோர்ட்டு, ரெண்டு வீட்டு ரத்தத்தையும் எடுத்து உடம்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டது. உடம்பில் தொடை எலும்பு ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, பிண அறையில் குளிர்பெட்டி ஓடவில்லை என்று மிச்சத்தைப் போலீசே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். எங்களை அதற்குக் கூப்பிடவில்லை. யாருடைய பிணம் என்று தெரியாதபோது யாரைக் கூப்பிடுவது?

லோகாவுக்கு அப்போது இருபத்தாறு வயசு. தேவிக்கு ஏழு. லோகா பூ வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால், புருஷன் போய்ச் சேர்ந்துட்டான், இவளுக்குப் பூ கேக்குது என்பார்கள். வைக்காமல் போனால், உடம்பு இன்னும் கைக்கு வரவில்லை, அதுக்குள்ள ஆளைக் கொன்னுட்டா என்பார்கள். ரெண்டையும் சொல்வது ஒரே வாய்தான். சாவுச் சான்றிதழ் கேட்டு ஆபீசுக்குப் போனோம். ஆளைக் காணோம் என்றால் ஏழு வருஷம் போனால்தான் செத்ததாகச் சட்டம் ஒத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் லேப் ரிப்போர்ட் கொண்டுவா என்றார் அங்கிருந்தவர். லோகா அவரிடம் கேட்டாள்.

"ஏழு வர்சம் நா பூ வெக்கறதா, வேணாமா? அது எந்தச் சட்டத்துல கீது?"

அந்த மனுஷன் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ரிப்போர்ட் என்ற சொல்லுக்கு அந்த ஒரு அர்த்தம்தான். பரீட்சை ரிப்போர்ட்டைக்கூடத் தேவி மார்க் சீட் என்றுதான் சொல்வாள்.

முதல்தடவை தேவிக்கும் பெரியவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒரே மாதிரி ரெண்டு பாட்டில். நீங்கள் இங்க் பேனாவால் பார்த்துப் பார்த்துப் பேர் எழுதி ஒட்டி, துணி சுற்றி, அரக்கு வைத்து, என் தெர்மாகோல் பெட்டியில் இறக்கினீர்கள். நானே ஐஸை நெருக்கிப் போட்டேன். தம்பி மகளாச்சே என்று ரெண்டு கை அதிகமாகவே போட்டேன் என்று உங்களிடம் பெருமை வேறு. அண்ணே, ஐஸ் உருகினால் தண்ணீர் என்பது இருபது வருஷம் ஐஸ் விற்றவளுக்குத் தெரியாதா? ஆனால் மீன் பெட்டியில் ஓட்டை இருக்கும், தண்ணீர் ஒழுகிப் போகும். அந்தப் பெட்டியின் ஓட்டையை, பஸ்ஸில் ஜனங்கள் திட்டுவார்கள் என்று நீங்கள் மெழுகு வைத்து அடைத்திருந்தீர்கள். லேபில் திறந்தபோது பாட்டில் ரெண்டும் நீலத் தண்ணீரில் நீந்தியதாம். துணி ஊறி அரக்கு கழன்று, பேர் ரெண்டும் கரைந்து, எது குழந்தை ரத்தம், எது கிழவர் ரத்தம் என்று எழுதின உங்களுக்கே தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் வந்து சொன்னபோது என்னைப் பார்க்காமல் உங்கள் ஷூவைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் கத்தினேன். தப்பில் பாதி என்னுடையது என்பதால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

ரெண்டாம் தடவை நான்தான் யோசனை சொன்னேன். பென்சிலில் எழுதுங்கள், தண்ணீரில் ஊறினாலும் பென்சில் போகாது, ஏலக்காரர்கள் ஈரச் சீட்டில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று. எழுதினீர்கள். பேர் கரையவில்லை. ஆனால் பென்சிலை அழித்து எழுதலாம், கோர்ட்டில் நிற்காது, விதி இங்க் என்றுதான் சொல்கிறது என்று திரும்பவும் அனுப்பிவிட்டார்கள். இங்க்கில் எழுதினால் நிற்காது. நிற்பதில் எழுதினால் செல்லாது. எனக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

தேவியை மூன்றாம்முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். லோகா, இதுதான் கடைசி, இன்னொரு தடவை ஊசி என்றால் நான் விடமாட்டேன், அவர் செத்தவராகவே இருக்கட்டும் இல்லை உயிரோடேயே இருக்கட்டும் என்றாள். பெரியவர் முனுசாமி பக்கத்து பெஞ்சில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றுதடவையும் அவர்தான் முதலில் வந்தவர்.

அன்றைக்குத்தான் பெயிண்ட் ஞாபகம் வந்தது. என் ஐஸ் பெட்டிகள் வருஷம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கின்றன, நம்பர் போகிறதா? டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்து கண்ணாடி பாட்டில் மேலேயே கேஸ் நம்பரை எழுதினேன். 214 தே. 214 மு. நீங்கள் தயங்கினீர்கள். விதியில் பெயிண்ட் கூடாது என்று இருக்கிறதா என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றீர்கள். அப்படியானால் வாயை மூடிக்கொண்டு காயவிடுங்கள் என்றேன்.

உங்களோடு நானும் வந்தேன். வரக் கூடாதாம், அதுவும் ஒரு விதி. அடுத்த சீட்டில் சம்பந்தமில்லாதவளாக உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு மீன் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னான். நீங்கள் யூனிஃபார்மைக் காட்டி இது கோர்ட் சமாச்சாரம் என்றீர்கள். "கோர்ட்டுல வஞ்சரம் வறுக்கறாங்களா சார்?" என்றான். பஸ்ஸே சிரித்தது. நீங்கள் லக்கேஜ் டிக்கெட் எடுத்தீர்கள். அந்த டிக்கெட்டையும் ஃபைலில் வைத்தீர்கள் என்று தெரிந்தபோது உங்களை என்ன செய்வது என்றே எனக்குப் புரியவில்லை.

லேபில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன ஏட்டு, போட் நம்பர் மாதிரி எழுதியிருக்கீங்க?" என்றார். நகத்தால் சுரண்டினார். வரவில்லை. வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டார் அண்ணே. நான் முட்டாள், வேலை முடிந்தது என்று நினைத்தேன். வழியில் உங்களுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. முதலில் பரிசோதனைக்கு மருந்து இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஃபைல் கோட்டையில் இருக்கிறது என்றார்கள். மருந்து வந்தது. மருந்து வைக்கிற அறையில் ஏசி ஓடவில்லை. ஏசியைச் சரிசெய்தார்கள். அதற்குள் மிஷினைத் தெரிந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு ஆள் போட நிதித்துறை சம்மதிக்கவில்லை. ஆள் வந்தார். மருந்து காலாவதி ஆகியிருந்தது. நீங்கள் மாதம் ஒருதடவை லீவு நாளில் போய்க் கேட்டுவிட்டு, வருகிற வழியில் என் கொட்டகையில் இறங்கிச் சொல்வீர்கள். குரலைக்கூட உயர்த்தமாட்டீர்கள். "அவங்க இன்னா பண்ணுவாங்க ஐஸம்மா, பாவம், நாலு பேரு வேலய ஒருத்தரு பாக்கறாரு" என்பீர்கள். உங்கள் பொறுமை இருக்கிறதே, அதன் மேல்தான் எனக்குப் பாதி எரிச்சல். நீங்களும் ரெண்டு வார்த்தை கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தொண்டை மிஞ்சியிருக்கும்.

ஒருநாள் பேப்பரோடு வந்தீர்கள். டெல்லியில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இனிமேல் இந்த ரத்தப் பரிசோதனை எல்லாம் சட்டப் புத்தகத்திலேயே வந்துவிட்டது என்று உரக்கப் படித்துக் காட்டினீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், என்னமோ உங்கள் வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி. நான் ஐஸ் உடைப்பதை நிறுத்தவில்லை.

"அதுல ஐஸ் பொட்டி எத்தினின்னு போட்டுக்கீதா?"

நீங்கள் மறுபடி மேலிருந்து கீழே படித்துப் பார்த்தீர்கள். உண்மையிலேயே தேடினீர்கள். "அத்தெல்லாம் சட்டத்துல போடமாட்டாங்க" என்றீர்கள்.

"அப்ப இன்னாத்துலண்ணே போடுவாங்க? கல்யாணப் பத்திரிகையிலயா?"

பேப்பரை மடித்துவிட்டு என் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். வேறொரு கேஸ், வேறு யாரோ ஒருவருடைய ரத்தம்.

உங்கள் கடைசித் தடைக்காலத்தில் வந்து இங்க் பாட்டிலை நீட்டினீர்கள். நான் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷனிலிருந்து உங்கள் புது செல்போனில் கூப்பிட்டார்கள். அப்பால வந்து எடுத்துக்கறேன் என்று ஓடினீர்கள். அந்த வாரமே பந்தோபஸ்தில் வெயிலில் நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று சேதி வந்தது. உங்களை எடுக்கும்போது நானும் லோகாவும் தேவியும் தெருமுனையில் நின்றோம். ரிப்போர்ட் வராமல் இந்த ஆள் எப்படிப் போகலாம் என்று எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மன்னித்துக்கொள்ளுங்கள். இல்லை, மன்னிக்க வேண்டாம். அந்தக் கோபம் நியாயமானதுதான்.

ரிப்போர்ட் வந்தது அண்ணே. நீங்கள் போய் எட்டாவது மாதம். உங்கள் இடத்துக்கு வந்த கான்ஸ்டபிள் கதிரவன் கொண்டுவந்து படித்தான். எலும்பு தேவியின் அப்பாவுடையதுதான். சேகர்தான். நாலு பக்கம் இருந்தது, எங்களுக்கு வேண்டியது ஒரே வரி.

அன்றைக்குப் பெரியவர் முனுசாமியும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். இது உங்கள் மகன் இல்லை என்று கதிரவன் அவருக்கும் சொன்னான். அவர் தலையாட்டினார். "அப்ப அவன் எங்கியாச்சும் இருப்பான்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எங்களுக்குத் துக்கம் முடிந்த இடத்தில் அவருக்கு மறுபடி ஆரம்பம். இருப்பார்ப்பா என்றேன்.

புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் லோகா. கதிரவன் ரெஜிஸ்டரைப் புரட்டினான். அடையாளம் தெரியாத ஆண் பிரேதம், வடக்குப் பக்கம் புதைக்கப்பட்டது. அவ்வளவுதான். வடக்குப் பக்கம் என்றால் எவ்வளவு பெரிய பக்கம் அண்ணே. கடலை ஒட்டின மணல், முழங்கால் உயரத்துக்கு முள், மேடும் பள்ளமுமாக எத்தனையோ பேர். எல்லாம் ஒரே மணல். ஐந்து வருஷம் காத்திருந்து ரிப்போர்ட் வாங்கி, இப்போது எந்த மணலைப் பார்த்து அழுவது? லோகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் சர்க்காரை, லேபை, கோட்டையை, உங்களை, எல்லோரையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தேன். உங்களைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன்.

குழி வெட்டுகிறவர் தன் குடிசையிலிருந்து வந்து என்ன நம்பர் என்று கேட்டார். கதிரவன் சொன்னான்.

"அது ஏட்டு கல்லுல்ல? அத்தோ, அந்தாண்ட கீது பார். வர்சா வர்சம் வந்து குந்திக்கினு பெயிண்டு அடிச்சினு போவாரே. இந்த வர்சம்தான் ஆளக் காணோம்."

கடலரிப்பைத் தடுக்கக் கரையோரம் கொட்டுகிறார்களே, அந்தக் கருங்கல்லில் சின்னதாக ஒன்று. பாதி மணலில் புதைந்திருந்தது. மேலே நீலத்தில் 214. உப்புக்காற்று அரித்து ஓரமெல்லாம் உரிந்து தொங்கியது. அடியில் பழைய கோட்டு, அதற்கும் அடியில் இன்னும் பழைய கோட்டு, ஏடு ஏடாகத் தெரிந்தது. மூன்று வருஷத்து நீலம். என் டப்பா நீலம். 214-இல் அந்த நாலு மட்டும் கோணலாக இருந்தது. உங்கள் கையெழுத்து அப்படித்தான் அண்ணே, பாட்டிலில் நீங்கள் எழுதாமல் நான் எழுதினது நல்லதாய்ப் போயிற்று.

எனக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. நகப் பாலிசா என்று கேட்டேனே. தொப்பை மேலே எழுதப் போகிறீர்களா என்று கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சேகரா இல்லையா என்று தெரியாமல் எங்களை அங்கே கூட்டிப்போய் அழவிடக் கூடாது என்று இருந்தீர்களா? மணலிப் பெரியவரையும் நினைத்திருப்பீர்கள். அப்படித்தான் இருக்கும்.

லோகா கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணலைக் கையால் தள்ளித் தள்ளி நம்பர் முழுசாகத் தெரிகிற மாதிரி செய்தாள். "அவ்ளோதான்க்கா. இங்கதான் இருந்துகினு கீறாரு" என்றாள். தலையிலிருந்த பூவை அவளே எடுத்துக் கல் மேலே வைத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. தேவி தன் விரலால் அந்த இரண்டு, ஒன்று, நாலை ஒருதடவை எழுதிப் பார்த்தாள்.

இப்போது வருஷா வருஷம் நான் போகிறேன். நீங்கள் விட்டுப்போன இங்க் பாட்டிலில்தான் பெயிண்ட் எடுத்துப்போகிறேன். இந்த வருஷத்துக்கு இன்று காலை நிரப்பினேன். நாலின் கோணலைச் சரிசெய்யவில்லை, அதன் மேலேயே பூசுகிறேன்.

நிரப்பி முடிக்கவில்லை, கதிரவன் வந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் பை. எண்ணூர்ப் பக்கம் ஒரு உடம்பு, ஒரு அம்மாவின் ரத்தம், லேபுக்குப் போகிறது. பெட்டி வந்ததா என்று கேட்டேன். கேட்டு எழுதியிருக்கிறோம் என்றான். சொல்லிவிட்டு, அண்ணே, கொட்டகைக் கூரையைப் பார்த்தான். உங்கள் டிபார்ட்மெண்டில் இதற்கு ஏதாவது பயிற்சி கொடுக்கிறார்களா?

பத்து நிமிஷம் நன்றாகத் திட்டினேன். பிறகு வேறொரு பழைய பெட்டியை எடுத்து, ஓட்டையை அடைக்காமல் ஐஸ் போட்டேன். அவன் பாக்கெட்டிலிருந்து இங்க் பேனாவை எடுத்தான்.

"அத்த உள்ள வைடா" என்று சொல்லிவிட்டு, பிரஷ்ஷை நீலத்தில் முக்கினேன். "மொதல்ல நெம்பர் சொல்லு. இந்த ஒடம்ப எங்க பொதைக்கறாங்கன்னும் கேட்டு வந்து சொல்லு."